எவன் நம்புவான்?

வேடசந்தூர் மில் வாசலில் போலீஸ் காமெடிப் பட ஷூட்டிங். ஜெஸ்ஸிக்குப் பெண் கான்ஸ்டபிள் வேஷம்.

"சார், படம் பூரா இன்ஸ்பெக்டருக்கு டீயே குடுத்துக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு தடவ நான் தாவித் திருடனைப் பிடிக்கிறேனே," என்று டைரக்டரிடம் கேட்டாள்.

"பொம்பளப் போலீஸ் மாடியிலருந்து பஸ் மேல தாவுனா எவன்மா நம்புவான்? நேரமாச்சு, போய் ரெடியாகு."

செத்த நேரத்தில், மாடியிலிருந்து மில் பஸ் மேல் பாய்ந்து இன்ஸ்பெக்டர் திருடனை அமுக்கினார். கூட்டத்தில் விசில் பறந்தது.

"ஆம்பளன்னா இப்படில்ல இருக்கணும்," என்றார் வேடிக்கை பார்த்த மொக்கைச்சாமி.

இன்ஸ்பெக்டராக நடிக்கும் ஹீரோ அந்நேரம் குடை நிழலில் இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

பஸ் மேலிருந்து இறங்கி வந்த ஜெஸ்ஸி, ஒட்டு மீசையைப் பிய்த்து டைரக்டர் கையில் கொடுத்தாள்.

"நம்பிட்டாங்க சார்."