டிரெசருக்குத் தெரியாத வியாதியா!

"கைய நீட்டுடா!" என்றார் கூலிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர் திருநாவுக்கரசு.

முருகையா இடது கையை நீட்டினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசல் முழுக்க ஆண்கள் வரிசையாக நின்றார்கள்.

வெளியே ஜப்பான்காரர்களின் லாரி நின்றது. சயாமில் ரயில் பாதை போட அதில் ஏறிப் போனவர்களில் ஒருவர்கூட மலாயாவில் இந்தப் பகாவ் பக்கம் திரும்பி வரவில்லை. நோயாளிகளை விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, தோட்டத்தில் விடிவதற்குள் ஆளுக்கொரு வியாதி முளைத்துவிட்டது.

"சொறிங்கய்யா" என்று கும்பிட்டாள் முருகையாவின் மனைவி ராக்கம்மா. "மூணு புள்ளைங்க இருக்குதுங்கய்யா. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

"பெத்துக்க மட்டும் தெரியுது. பொய் சொல்லத் தெரியல." டிரெசர் முருகையாவின் விரல்களை விரித்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய அதிகாரியிடம் காட்டினார். "சொறின்னா விரலிடுக்குல இருக்கும், தொப்புளச் சுத்தி இருக்கும். இவனுக்கு விரலிடுக்கு சுத்தமா இருக்கு. வலது கைக்கு எட்டுற எடத்துல மட்டும் கொப்புளம். முந்திரிக்கொட்டைப் பாலத் தேய்ச்சிட்டு வந்து நடிக்கிறான், கழுதை!"

பெர்னார்ட் அதை ஜப்பானிய மொழியில் சொன்னான். வெள்ளைக்காரன் காலத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தவன், இப்போது அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளன்.

அதிகாரி முருகையாவின் கையைப் பார்க்கவே இல்லை. டிரெசரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"நெசமாவே சொறின்னா, மருந்து இல்லாத நேரத்துல என்ன செய்வீங்கன்னு கேக்குறாரு" என்றான் பெர்னார்ட்.

திருநாவுக்கரசுக்கு உச்சி குளிர்ந்தது. மாதம் ஒருமுறை வந்துபோன வெள்ளைக்கார டாக்டர் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கழுவு, கட்டுப் போடு, அவ்வளவுதான்.

"மரத்துக்குத் தூவுற கந்தகம் ஸ்டோர்ல கெடக்கு. தேங்காய் எண்ணெயில கொழைச்சுப் பூசுனாப் போதும். இதுக்கு எதுக்கு டாக்டர்?"

பெர்னார்ட் உடனே மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "டிரெசர், எல்லாத்தையும் இப்படிப் பளிச்சுன்னு சொல்லணுமா? தம்பின் ஊர்ப் பக்கத்துல ஒரு டிரெசர், சொறி எது சிரங்கு எதுன்னே தெரியலன்னு கைய விரிச்சிட்டாரு. ரெண்டு திட்டு வாங்குனாரு. அவ்வளவுதான்."

கூலிகளுக்குப் பரிந்து பேச வந்துவிட்டான், நேற்றுவரை பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்! டிரெசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் முட்டாள்லா. என்னையும் அவனையும் ஒண்ணாப் பேசாத. நான் சொன்னத அப்படியே சொல்லு."

பெர்னார்ட் அப்படியே சொன்னான்.

அடுத்து யாகப்பன், வலது கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு வந்தான். டிரெசர் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். கையால் வெயிலை மறைத்து, சட்டென்று எடுத்தார். யாகப்பன் துடித்துப் போனான்.

"பீளை இல்ல, அதனால கண்ணோவு இல்ல. மொளகாய்னா ரெண்டு கண்ணும் கொட்டும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். இவனுக்குக் கருவிழியச் சுத்திச் செவப்பு. வெளிச்சத்துக்குக் கண்ணுப்பாப்பா சுருங்கல. இது நெசமான வியாதி. விட்டா பார்வை போயிடும்."

யாகப்பன் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப நான் போக வேணாங்களாய்யா?"

"ஏன், இன்னொரு கண்ணு இருக்குல்ல? கல்லு தூக்க அது போதும்."

டிரெசர் தாமே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாமவன் நெற்றியைப் பிடித்தபடி நின்றான். "தலவலிங்கய்யா. மண்டையப் பொளக்குது."

டிரெசர் அவன் தாடையை நெஞ்சில் தொடவைத்தார். கழுத்து நன்றாக வளைந்தது, மூளைக்காய்ச்சல் இல்லை. விலாவுக்குக் கீழே அழுத்தினார், மண்ணீரல் வீங்கவில்லை. உடம்பில் சூடும் இல்லை, மலேரியாவும் இல்லை.

"ஒத்தப் பக்கமா வலிக்குதா?"

"ஆமாங்கய்யா."

"வாந்தி வருதா?"

"ஆமாங்கய்யா."

"வலி வரும்போது காது மடல் நீளுதா?"

"ஆமாங்கய்யா, ரொம்ப நீளுது."

முதல் முறையாக அதிகாரி சிரித்தார். பெர்னார்ட் மொழிபெயர்த்த ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். எழுந்து வந்து டிரெசரின் தோளைத் தட்டி, "பாகுஸ்! பாகுஸ்!" என்றார்.

நல்லது என்று மலாய்ச் சொல்லில் ஒரு ஜப்பானியத் துரை தம்மைப் பாராட்டியதை இந்தச் சனியன்கள் எல்லாம் பார்த்தனவா என்று டிரெசர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ராக்கம்மா மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முருகையா அவள் முகத்தைப் பார்க்காமல் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி சுருக்கமாக ஏதோ சொன்னார். பெர்னார்ட் வரிசையின் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் தோட்டத்து வேலைக்குப் போங்க."

ஒருவரும் அசையவில்லை. காதில் விழுந்ததை நம்ப முடியாமல் நின்றார்கள். பெர்னார்ட் மறுபடி சொன்னதும் ராக்கம்மா எழுந்து, புருஷனின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் அவள் பின்னால் கலைந்தார்கள்.

"என்ன இது?" டிரெசர் பதறினார். "யோவ் பெர்னார்ட், நீ தப்பாச் சொல்லிட்டியா? இவனுங்க எல்லாம் வேலை செய்யக்கூடியவனுங்க. ஏத்தச் சொல்லு! லாரிய வெறுமனயா திருப்பி அனுப்புவாங்க?"

பெர்னார்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லாரியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"சயாமுக்கு இந்தத் தடவ டிரெசர்தான் வேணுமாம், ஏறுங்க."