இருநூற்றுப் பத்து கிலோ

"அக்கா, அது அரிசி மூட்டை இல்ல, குனிஞ்சு கட்டிப் புடிச்சுத் தூக்க! இடுப்பு போயிடும். திரும்பி நில்லுங்க. வண்டிக்கு முதுகைக் காட்டுங்க!"

மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். தையல் கடை அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கீழே கிடந்த மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இருநூற்றுப் பத்து கிலோ இரும்பு இம்மியும் அசையவில்லை.

"முடியல தம்பி," என்றாள் மூச்சு வாங்க.

குடோனுக்குப் பின்னால் இருந்த அந்தக் காலி மைதானத்தில் ஐந்து பேர் அவரிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பிறகு அக்கா. ஐந்து பேருமே வண்டிக்குப் புதுசு. அடுத்த மாதம் மலைகளைத் தாண்டி மூவாயிரம் கிலோமீட்டர் போவதாகத் திட்டம். முப்பது வயதுகூட நிரம்பாத மாஸ்டர் ஒரு விஷயத்தில் மட்டும் மகா கறார். விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்தத் தெரியாதவருக்குப் பயணத்தில் இடம் கிடையாது. மற்ற நால்வரும் எப்போதோ தேறிவிட்டார்கள். அக்கா மட்டும் ஆறாவது ஞாயிற்றுக்கிழமையாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்றுதான் கடைசி வகுப்பு.

"மாஸ்டர், விழுந்தா நான் தூக்கிக் குடுத்துட்டுப் போறேன். எப்படியும் அவங்க பின்னாடிதான வரப்போறேன்," என்றார் பல் டாக்டர். மடக்கு நாற்காலி, மடக்கு அடுப்பு, மடக்குக் கட்டில் என்று ஒரு கடையையே மடக்கி வாங்கி வைத்திருந்தவர் அவர்.

"நீங்க சும்மா இருங்க டாக்டர். யாரும் பின்னாடி வராத நேரம் பாத்துத்தான் வண்டி விழும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் விஷயம் மாஸ்டருக்கு இதுவரை பிடிபடவே இல்லை. மற்றவர்கள் எந்தக் கூடாரம் வாங்குவது, பஞ்சர் எப்படி ஒட்டுவது, மலையில் பெட்ரோல் கிடைக்குமா என்று அவரைத் துளைத்து எடுத்தார்கள். அந்தப் புது ஜோடி, யார் வண்டியில் கூடாரம் வைப்பது என்று மூன்று வாரமாகச் சண்டை போட்டது. அக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாங்க வேண்டிய சாமான் பட்டியலை மடித்துப் பையில் போட்டதோடு சரி. ஓட்டும் பாடத்தைக் கடனே என்று முடிப்பாள். தூக்கும் பாடம் வந்தால் மட்டும் ஆயிரம் நிபந்தனை போடுவாள். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்க வேண்டும். இரண்டு பக்கப் பெட்டியிலும் சாமான் இருக்க வேண்டும். வண்டி வலப்பக்கம்தான் சாய்ந்து கிடக்க வேண்டும். மண்ணில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்க வேண்டும்.

இவ்வளவு சிரத்தையான ஆளை அவர் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை தோற்றபோதும் அவள் முகம் வாடவில்லை, சற்றுத் தெளிந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

"என்னை மாதிரி ஆளால ஆகாத காரியமோ என்னவோ தம்பி. நாப்பத்தெட்டு கிலோதான் இருக்கேன். ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இதுவரை ஒருவரையும் அவர் அப்படி வீட்டுக்கு அனுப்பியதில்லை.

"அதெப்படி விட்டுடுவேன்? ஆறு வாரமா நீங்க உங்க இஷ்டத்துக்கு இழுக்கறீங்க. நான் சொன்ன மாதிரி ஒரு தடவைகூடச் செய்யல. இப்ப செய்யுங்க. அப்பவும் வரலைன்னா, நானே என் வாயால சொல்றேன், உங்களால முடியாதுன்னு. போதுமா?"

"சத்தியமா சொல்வீங்களா?"

"சத்தியமா."

அக்கா சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"சைடு ஸ்டாண்டை மொதல்ல வெளிய இழுத்து விடுங்க. சரி. ஹேண்டிலை முழுசா வளைச்சு, கீழ இருக்கற கைப்பிடியைப் புடிங்க. இன்னொரு கை சீட்டுக்குக் கீழ உள்ள கம்பியில. உக்காருங்க. இடுப்பை சீட்டுல அழுத்துங்க. கையால தூக்கவே கூடாது, காலால பின்னாடி நடங்க. குட்டிக் குட்டி அடி!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். சேறு வழுக்கியது. இன்னோர் அடி. முதுகுக்குப் பின்னால் வண்டி லேசாக எழும்பியது. மூன்று, நான்கு, ஐந்து. டக்கென்று நிமிர்ந்து, ஸ்டாண்டில் சாய்ந்து நின்றுவிட்டது.

மைதானமே கைதட்டியது. டாக்டர் விசிலடித்தார். மாஸ்டர் சின்னப் பிள்ளைபோல் குதித்தார்.

"பாத்தீங்களா? இருபது செகண்டுகூட ஆகல! பலமே வேணாம்க்கா. விஷயம் தெரிஞ்சா யாரு வேணாலும் தூக்கலாம்!"

நிமிர்ந்து நின்ற வண்டியை அக்கா பார்த்தாள். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

"அட, ஜெயிச்சதுக்கு யாராவது அழுவாங்களா? எழுந்திருங்க. பயணப் பட்டியல்ல உங்க பேரைத்தான் மொதல்ல எழுதப்போறேன்."

"நான் எங்கயும் வரல தம்பி." அவள் எழுந்திருக்கவில்லை. "போன வருஷம் இதே மாதிரி வண்டிக்கு அடியிலதான் எங்க வீட்டுக்காரர் மாட்டிக் கெடந்தார். கொட்டற மழை, ரோட்டுல ஒரு ஆளு இல்ல. முக்கால் மணி நேரம் இழுத்தேன், அவரு மூச்சு நிக்கற வரைக்கும் இழுத்தேன். ஒத்தப் பொம்பளையால அதைத் தூக்கவே முடியாது, உன் மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. விஷயம் தெரிஞ்ச நீங்களும் ஒரு தடவை அப்படிச் சொல்லிட்டா, இனியாவது தூங்கலாம்னுதான் வந்தேன்."