குலுக்கல் தாங்குமா?

“கனமே இருக்கக் கூடாது தம்பி. விலையும் கையைக் கடிக்கக் கூடாது” என்றாள் அவள். பக்கத்தில் அவள் கணவன் கடையில் அடுக்கியிருந்த லேப்டாப்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விற்பனையாளன் சின்ன லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தான்.

“இது குலுக்கல் தாங்குமா? ஓடுற லாரியில உட்கார்ந்து வேலை பார்க்கணும்.”

“லாரியிலயா?”

“ஆமா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒருத்தர் வீட்டுல, ஒருத்தர் ரோட்டுல. போன்லயே குடும்பம் நடத்தி அலுத்துப்போச்சு. இனிமே எங்க போனாலும் ஒண்ணாத்தான்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டு வீட்டுலயும் திட்டுறாங்க. திட்டட்டும்.”

லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு இந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்று விற்பனையாளனுக்கு இரக்கமாக இருந்தது. உள்ளே போய் வேறொன்றைத் தேடி எடுத்து வந்தான்.

“இதுக்குள்ள சுத்துற டிஸ்க் கிடையாதுக்கா. குலுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. டைப் பண்ணிப் பாருங்க.”

அவள் அதைக் கணவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பணத்தை எடுத்தாள்.

‘இதுக்குக்கூடப் புருஷன் தலையாட்டணுமா?’ என்று விற்பனையாளன் மனசுக்குள் நொந்துகொண்டான். மனசு கேட்காமல் வாசலில் நின்ற அவர்கள் லாரிவரை வழியனுப்ப வந்தான்.

கணவன் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். அவள் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

“அக்கா, நீங்களா ஓட்டுறீங்க?”

“பின்னே? அவருக்கு சைக்கிளே தகராறு” என்று சிரித்தாள் அவள். “மொழிபெயர்ப்பு வேலை தம்பி அவருக்கு. இன்னையிலேர்ந்து அவரோட ஆபீஸ் இங்கதான்.”