இன்னும் கொஞ்ச நாள்

"இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்மா. அவசரப்பட்டு எதுவும் சொல்லிடாதீங்க."

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பேராசிரியருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் அந்தப் பெண். பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி. பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து, அதற்குப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையில் படிக்கிறவள்.

உள்ளே பேராசிரியர் மூளையில் ரத்தம் கசிந்து கிடந்தார். மூச்சை இயந்திரம்தான் விட்டுக்கொண்டிருந்தது. "இனிமே நினைவு திரும்பும்னு தோணலை. மெஷினை எடுக்கறதா வேண்டாமான்னு வீட்டுல பேசிச் சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டு அப்போதுதான் போயிருந்தார்.

"பேசறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றான் மகன். வெளியூர் வேலையிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தவன். "தொண்டையில குழாய், கையெல்லாம் ஊசி. பார்க்கச் சகிக்கலை. அப்பாவை நிம்மதியா விட்டுடலாம்."

"உனக்கு லீவு முடியப் போகுது. அதான் இந்த அவசரம்."

அவன் முகம் செத்துப்போயிற்று.

"என் லீவு கிடக்கட்டும்மா. அவருக்கு முதுகெல்லாம் புண்ணு. நர்ஸ் திருப்பிப் போடும்போது கண்ணோரம் தண்ணி வழியுது. நீ பார்த்தியா?"

"அது தானா வர்ற தண்ணி சார். டாக்டரே சொன்னார்." மாணவி குறுக்கே புகுந்தாள். "நேத்து நான் கையைப் பிடிச்சப்ப விரல் லேசா அசைஞ்சதும்மா. சத்தியமா."

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "கேட்டியாடா? பெத்த பிள்ளைக்கு இல்லாத நம்பிக்கை இவளுக்கு இருக்கு."

அவன் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மாணவி தினமும் வகுப்பு முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். அம்மாவை வற்புறுத்திச் சாப்பிட வைப்பாள். உள்ளே போய் சாரின் தலையைச் சீவிவிடுவாள். "உங்க பொண்ணா?" என்று நர்ஸ் கேட்டபோது, "ஆமாம்" என்றே சொன்னாள் அம்மா.

சிறுநீரகம் பழுதானது. உடம்பு ஊதி, ஆளே அடையாளம் தெரியாமல் போனார். ரத்தத்தைச் சுத்திகரிக்க இன்னொரு இயந்திரம் வந்தது. அன்றைக்கு அம்மாவே உடைந்துபோனாள்.

"என்னால முடியலை கண்ணு. அவரை நான் வதைக்கறேனோன்னு இருக்கு."

"இவ்வளவு தூரம் வந்துட்டோம்மா. இப்பப் போய்க் கைவிடலாமா? சார் எழுந்து வந்து நம்மளைத் திட்ட மாட்டாரா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வராந்தாவின் கோடியில், சுவரில் நெற்றியை முட்டியபடி நின்றான் மகன்.

ஒரு மத்தியானம் மாணவி வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"போதும்மா. சார் பட்ட கஷ்டமெல்லாம் போதும். விட்டுடலாம்."

"நீயா சொல்றே?"

"நான்தாம்மா சொல்றேன்."

அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு டாக்டரை வரச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களில் பல்கலைக்கழக அலுவலகத்துக் கிளார்க்கும் ஒருவர். அம்மா அவரிடம், உள்ளறையில் அழுது வீங்கிய முகத்துடன் உட்கார்ந்திருந்த மாணவியைக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணு இல்லேன்னா அவரை எப்பவோ அனுப்பியிருப்பேன். என் வயித்துல பொறந்தது அவரை எப்படா அனுப்பலாம்னு நின்னுது. இவதான் கடைசி வரைக்கும் அவரைப் பிடிச்சு வெச்சா."

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மகன் அதைக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வாசல் பக்கம் போனான்.

"அந்தப் பொண்ணு பட்ட பாடு எனக்குத்தாம்மா தெரியும்," என்றார் கிளார்க். "ஆராய்ச்சிக்குக் கைடா இருக்கற பேராசிரியர் லீவுல இருந்தாப் பரவாயில்லை. தவறிட்டா அன்னிக்கே உதவித்தொகையை நிறுத்திடணும், அதுதான் எங்க ரூல். அதுக்குள்ள வேற கைடுக்கு மாத்தி விடுங்கன்னு பாவம், நிமிஷத்துக்கொரு தரம் எனக்குப் போன். ஒருவழியா நேத்து மத்தியானம்தான் உத்தரவு கையெழுத்தாச்சு, உடனே கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லவேளை, சார் அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சாரே, புண்ணியவான்!"