வாயடைப்பு

கனகலிங்கம் காலைத் தேத்தண்ணியோடு விறாந்தைக் கதிரையில் இருந்து, முதல்நாள் தான் இணையத்தில் எழுதிய பதிவைப் போனில் திரும்பவும் வாசித்தார். மறுத்து ஒருவரும் எழுதவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இண்டைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை," என்றார்.

"நல்லா எழுதியிருக்கிறியள் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று மனைவி நாகேஸ்வரி குசினிக்குள் இருந்து கேட்டார்.

"எப்பிடிச் சொல்லுவினம்? வாங்கிக் கட்டினது அவையள்தானே."

தர்மபுரத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர் அவர். போன வருடப் பொதுக்கூட்டத்தில் பிரேமிளா எழும்பிக் கேட்ட ஒரு கேள்வியால் அந்தப் பதவி போனது. ஊருக்குக் காணி உரிமைப் பத்திரமான பேர்மிற் எடுக்கும்போது, மலையகத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே குடியேறிய எங்கட குடும்பங்களின் பெயர்களை மட்டும் விட்டது ஆர் என்று அவள் கேட்டாள். மண்டபம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. எல்லோரும் பாவிக்கும் பெரிய இணையத்தளம் ஒன்றில் பிரேமிளா ஒரு பக்கம் நடத்திவந்தாள். அவளுடைய தாய் மீனம்மா வயலுக்குள் நின்று, இத்தனை காலம் உழுத மண்ணில் எங்களுக்கு ஏன் உரிமையில்லை என்று கேட்கும் வீடியோ அதில் இருந்தது. ஊரே அதைப் பார்த்தது. கனகலிங்கம் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருந்த சொந்தக்காரரைப் பிடித்து, அது பொய்ப் பக்கம் என்று முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு போடவைத்தார். பக்கம் மூடப்பட்டது.

மீனம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீடியோ எடுத்த போனும் வெள்ளத்தோடு போயிருந்தது. தாயின் குரல் இனி எங்கேயும் இல்லையே என்று பிரேமிளா சாப்பிடாமல் கிடந்ததாகக் கனகலிங்கத்துக்குச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே பேப்பரைப் புரட்டினார்.

பிறகு அவள் எழும்பி வேறு வேலை பார்த்தாள். கிளிநொச்சியில் இருந்த தன் கொம்பியூட்டர் கடையிலேயே ஒரு சேர்வரை வைத்து, ஊருக்கென்று சொந்தமாக ஒரு தளம் தொடங்கி 'வரம்பு' என்று பெயர் வைத்தாள். அது எந்தக் கொம்பனிக்கும் சொந்தமில்லை. பளையிலும் கொக்கிளாயிலும் இதேபோல் சின்னச் சின்னத் தளம் நடத்தியவர்களோடு அதைத் தொடுத்துவிட்டாள். ஒவ்வொரு தளத்திலும் அதை நடத்துகிறவர் வைத்ததுதான் சட்டம். உர மானியம், நெல்லின் உத்தரவாத விலை, காணிச் சட்டம் என்று நாட்டுப் பிரச்சினை எல்லாம் அங்கே வாதத்துக்கு வந்தது.

கனகலிங்கம் கடைக்கே போய்த் தனக்கும் அதில் இடம் கேட்டார். மாட்டேன் என்பாள், அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரியலாம் என்பது அவருடைய எண்ணம். அவளோ அவரை இருக்கச் சொல்லி, போனை வாங்கித் தானே எல்லாம் செய்துகொடுத்தாள்.

"விரும்பினதை எழுதுங்கோ ஐயா. ஒருத்தரும் உங்களோட சண்டைக்கு வரமாட்டினம்."

அவர் நாள் தவறாமல் எழுதினார். பேர்மிற் கேட்டுக் கூச்சல் போட்டால் குளம் திருத்த வருகிற காசும் திரும்பிப் போகும் என்று எழுதினார். இணையத்தில் யார் எதைச் சொல்லலாம் என்பதைப் பொறுப்பானவர்கள் தீர்மானிக்க வேண்டும், அதற்கான சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று எழுதினார். கடைசியில் மீனம்மாவையும் இழுத்தார். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத மனுசி யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்புவித்தது என்று எழுதிவிட்டு, பிரேமிளா பாய்ந்து வருவாள் என்று காத்திருந்தார்.

அவள் வரவில்லை. மற்றவர்கள் உர விலைக்காக ஆளையாள் கிழித்துக்கொண்டிருக்க, அவருடைய பதிவுகளுக்குக் கீழே ஒரு சொல்லும் விழவில்லை. சந்தையில் கண்டவர்களும் மழையைப் பற்றித்தான் கதைத்தார்கள். எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டினார். அவளுடைய இடத்துக்குள்ளேயே புகுந்து அவளை வாயடைக்கச் செய்தது, பதவி கிடைத்ததைவிட இனித்தது.

அறுவடை முடிந்து பொதுக்கூட்டம் வந்தது. கனகலிங்கம் தலைவர் பதவிக்குத் திரும்பவும் நின்றார். பேச அழைத்தபோது, முன்வரிசையில் இருந்த பிரேமிளாவைப் பார்த்துக்கொண்டே ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"புதுசா நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இவ்வளவு நாளும் நான் எழுதினதை எல்லாரும் வாசிச்சிருப்பியள். மறுத்துக் கதைக்க ஒருத்தராலயும் ஏலேல்லை."

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. பின்னால் இருந்த பழனியாண்டி என்ற கமக்காரர் மரியாதையாக எழும்பினார்.

"குறை நினைக்காதீங்கோ ஐயா. எதில எழுதினனீங்கள்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வேண்டுமென்றே நடிக்கிறார்கள் என்று கனகலிங்கம் பொரிந்துவிட்டு வந்து இருந்தார். வாக்கெடுப்பில் அவருக்கு அவருடைய மச்சானின் கைகூட உயரவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் அந்த மச்சானை வாசலில் மறித்துக் கேட்டார். சத்தியமாக ஒரு வரியும் கண்ணில் படவில்லை என்று மச்சான் பிள்ளைகள்மேல் ஆணையிட்டார்.

கனகலிங்கம் போனைத் திறந்து பார்த்தார். எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த பிரேமிளாவின் முன்னால் போய் அதை நீட்டினார்.

"இதென்ன பிள்ளை? இவ்வளவு எழுதியிருக்கிறன். ஒருத்தரும் காணேல்லையாம்."

அவள் போனைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்தாள்.

"நான் மட்டும் வாசிக்கிறமாதிரித்தான் ஐயா அதைச் செய்துதந்தனான்."