எர்லீனுக்கு ஒரு ஜாடி சர்பத்

2005 ஜூன் பத்தொன்பது மதியம், ரோஸ் சர்பத் கலந்துவைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போன என் கணவர் அல்தாப், கடை வாசலிலேயே மாரடைப்பில் போய்விட்டார். இது மறு ஆண்டு, அதே தேதி. ஹூஸ்டனில் எங்கள் பக்கத்து வீட்டு எர்லீனின் தோட்டத்தில் இறைச்சி சுடும் புகை மெல்ல எழுகிறது. வேலியில் கட்டிய துணியில் இரண்டு வரிகள்: 1865, டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த நாள், 1964, சம உரிமைச் சட்டம் செனட்டில் நிறைவேறிய நாள். "ஒரே தேதி நிஷா, நடுவுல தொண்ணூத்தொம்பது வருஷம் பாரு" என்பார் அல்தாப். வருடாவருடம் நடக்கும் இந்த விடுதலை நாள் விருந்தில் சிவப்பு பானம்தான் வழக்கம் என்று தெரிந்ததிலிருந்து சர்பத் எங்கள் வீட்டுப் பங்கு. தர்பூசணிக்குப் பக்கத்தில் எர்லீன் இடம் விட்டிருக்கிறாள். சீனி அளவை அல்தாப் எனக்குச் சொன்னதே இல்லை. நானே கலந்த ஜாடியை அங்கே வைக்கிறேன். அதன் வழியே வெயில் சிவப்பாக மேசைவிரிப்பில் விழுகிறது. எர்லீன் ஒரு வாய் குடித்துவிட்டு, வருடாவருடம் அவரிடம் சொன்னதையே என்னிடம் சொல்கிறாள்: "டூ ஸ்வீட், ஹனி!"