பனியிலிருந்து ஒரு நன்றி

ஹைதராபாத்தில் நடந்த துருவ ஆராய்ச்சி நாடுகளின் மாநாட்டுக்காக விஞ்ஞானி மணிவண்ணன் புது கோட் தைத்திருந்தார். வருடா வருடம் இந்தியாவின் சார்பில் மேடையேறும் அவருடைய ஜூனியர் சபீனா, இந்த வருடம் முழுக்க அன்டார்டிகாவில்.

"இன்னிக்கு நான்தானே சார் பேசறேன்?"

"நக்கோ, வேண்டாம் மணி!" என்றார் செகந்திராபாத்திலேயே வளர்ந்த இயக்குநர். "சபீனாவே பனியிலேர்ந்து நேரலையில பேசறாங்க. நீங்க லேப்டாப்பைப் பார்த்துக்கோங்க."

திரையில் பனிக்காற்றுக்கு நடுவே சபீனா தெரிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. மணிவண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"என்னை இங்கே அனுப்பச் சொல்லி சிபாரிசு பண்ணினதே மணிவண்ணன் சார்தான். இந்தக் கைதட்டல் அவருக்கு!"

எல்லோரும் திரும்பினார்கள். இந்த மேடையில் அவள் இருக்கவே கூடாதென்று சிபாரிசு செய்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.